புல்லைப் போடாதீங்க, போஸ்ட்டைப் போடுங்க

மனிதகுலம் இதுவரை கண்ட மகத்தான கண்டுபிடிப்புகள் மூன்று: நெருப்பு, சக்கரம், 'றீச்'. முதலிரண்டும் பதுளைக்கு எப்போது வந்தன என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது, அதாவது நாம் போடும் பதிவு எத்தனை பேரைப் போய்ச் சேருகிறது என்ற கணக்கு, வந்தது ஒரு சனிக்கிழமை காலை, மண்டபமொன்றில், தேநீர், பெட்டிஸ் சகிதம். அதை நேரில் தரிசித்த பாக்கியசாலிகளில் ஒருவர் விஜயலெட்சுமி.

விஜயலெட்சுமி லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் பிறந்து, பதுளை நகரில் சொந்தத் தொழில் நடத்துபவர். வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் புல் பதித்து, பூச்செடி வைத்து, முற்றத்தை அழகாக்கித் தருவார். கூட வேலைக்கு அங்கம்மாவும் ரமேஸும். ஒரு வீட்டில் புல் நன்றாக வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். கொஞ்ச நாளில் அவரும் கூப்பிடுவார். இந்தப் பிற்போக்கான முறையில்தான் அந்த அப்பாவிப் பெண் இத்தனை வருடமும் நன்றாகப் பிழைத்து வந்தார்.

மேடையில் நின்றவர் கொழும்பிலிருந்து வந்த சமூக ஊடக அறிஞர் ஸியாம்.

"காசு கட்டிப் போடுற விளம்பரம் கெமிக்கல். காசு கட்டாம தானாப் பரவுறது ஓர்கானிக்!" என்று அவர் முழங்கினார்.

ஓர்கானிக் என்ற சொல் காதில் விழுந்ததுமே பின்வரிசையிலிருந்த வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்கள் பெட்டிஸைக் கையிலெடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அரசாங்கம் திடுதிப்பென்று இரசாயனப் பசளையை நிறுத்தி நாட்டையே ஓர்கானிக் ஆக்கிய வருடத்தில் அவர்களுடைய கரட் விரலளவில் நின்றுபோனது. அன்றிலிருந்து அவர்களுக்கு 'வளர்ச்சி'யில் நம்பிக்கை இல்லை.

விஜயலெட்சுமி எழுந்து நின்று கேட்டார். "தம்பி, நாங்க புல்லுப் போடுறவங்க. எங்களுக்கும் இது சரிவருமா?"

ஸியாம் கண்ணை மூடி ஒரு கணம் தியானித்தார். "அக்கா, இனிமே புல்லைப் போடாதீங்க. போஸ்ட்டைப் போடுங்க."

மண்டபம் கைதட்டியது. விஜயலெட்சுமிக்கு உடம்பு புல்லரித்தது. தொழில்முறைப்படி அது பொருத்தமே.

அப்போது அவர் கையிலிருந்த வேலை பண்டாரவளை பலீல் ஹாஜியாருடையது. ஹார்ட்வெயார் கடைக்காரர். மகள் றிஸ்னியின் கலியாணத்தை வீட்டு முற்றத்திலேயே வைக்க ஆசைப்பட்டு, அதற்கு முன்னால் பச்சைப் பசேலென்று புல் வேண்டுமென்று கேட்டிருந்தார். மண்ணோடு வெட்டியெடுத்த புல் பத்தைகள் லொறியில் வந்து வாசலில் இறங்கின. கூடவே வீடியோ எடுக்க முக்காலித் தாங்கியில் ஒரு போனும் வந்து இறங்கியது.

முற்றத்து ஓரத்தில் மரம் வைக்க அங்கம்மா குழி வெட்டினார்.

"அங்கம்மாக்கா, மண்வெட்டிய மெதுவாத் தூக்குங்க. முகத்துல ஒரு சந்தோசம் வேணும்" என்றார் போனுக்குப் பின்னால் நின்ற விஜயலெட்சுமி.

"குழி வெட்டுறதுல என்னம்மா சந்தோசம்?"

"நடிங்கக்கா."

வெளிச்சம் சரியில்லை என்று குழி மூடப்பட்டது. மேகம் விலகியதும் மறுபடி வெட்டப்பட்டது. பிறகு குறுக்கே ஒரு கோழி வந்ததால் மூடப்பட்டது.

"இந்தக் குழியில மரம் வைக்கவா, வீடியோ வைக்கவா?" என்றார் அங்கம்மா. தொலைநோக்கு இல்லாத கேள்வி.

இரண்டாம் நாள் மழை தூறியது. ரமேஸின் காலில் ஓர் அட்டை ஏறியது. அவர் "ஐயோ!" என்று துள்ளி, வழுக்கி, ஹாஜியாரின் மீன் தொட்டிக்குள் மல்லாக்க விழுந்தார். போன் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வீடியோ பொழுது சாய்வதற்குள் பெரகல தாண்டி, கொழும்பு தாண்டி, கட்டார் போய்ச் சேர்ந்தது. "அண்ணே, இன்னொருக்கா விழுங்க" என்று டோஹாவிலிருந்து கெஞ்சினார்கள். ஸியாம் தழுதழுத்த குரலில் அழைத்தார்.

"அக்கா, இதுதான் உங்க பிராண்ட். தினமும் விழவைங்க!"

ரமேஸ் தினமும் விழுந்தார். தொட்டியில், சேற்றில், எருக் குவியலில். குடும்பஸ்தர், நாற்பதைத் தாண்டியவர், ஆனாலும் கலைக்காக விழுந்தார். வாசலில் கிடந்த பத்தைகள் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகின. புல் பிடிக்கவேயில்லை. வீடியோ எல்லோருக்கும் பிடித்திருந்தது.

கலியாணத்துக்கு முதல் நாள் ஹாஜியார் முற்றத்துக்கு வந்தார். குழிகளையும் சேற்றையும் பார்த்தார்.

"தங்கச்சி, புல்லு எங்க?"

"ஹாஜியார், நம்ம பேஸ்புக் பேஜுக்கு இப்ப எவ்வளவு பேர் இருக்காங்க தெரியுமா?"

"நாளைக்கு மாப்பிள்ளை வீட்டாக்கள் வாறாங்க. அவங்கள பேஜுலயா உக்கார வைக்க?"

விஜயலெட்சுமி பதறிப்போய் ஸியாமை அழைத்தார். அறிஞர் அசரவில்லை. "பயப்படாதீங்க அக்கா. வீடியோவுக்குப் பில்டர் போட்டா முற்றம் பச்சையாயிடும்."

"தம்பி, வர்றவங்க கண்ணால பார்ப்பாங்க!"

"அப்ப அது நம்ம ஓடியன்ஸ் இல்ல அக்கா."

கலியாணம் அவசர அவசரமாக ஒரு ஹோட்டல் மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. றிஸ்னி வாசலில் நின்று சேற்றைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வைக்கு லைக் போட இடமில்லை.

பலீல் ஹாஜியார் பேஸ்புக்கில் எதுவும் எழுதவில்லை. கடைக்கு ஆணி வாங்க வந்தவரிடம் சொன்னார். பெயின்ட் வாங்க வந்தவரிடம் சொன்னார். பள்ளிவாசல் வாசலில் சொன்னார். காசு செலவில்லாமல், பில்டர் இல்லாமல், பண்டாரவளையிலிருந்து பதுளை வரை ஒரு வீடு விடாமல் செய்தி போய்ச் சேர்ந்தது. 'றீச்' என்றால் அதுவல்லவா றீச்! விஜயலெட்சுமி பேசி வைத்திருந்த வேறொரு ஹோட்டலின் புல் வேலை போனது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பவர்கள் நின்றுபோனார்கள். வந்த ஒரே அழைப்பு ஒரு பிறந்தநாள் வீட்டிலிருந்து: "புல்லு வேணாங்க. விழுற அண்ணனை மட்டும் அனுப்புவீங்களா?"

ரமேஸ் போகத் தயாராகத்தான் இருந்தார். விஜயலெட்சுமிதான் விடவில்லை. புதுப் பத்தைகளை ஏற்றிக்கொண்டு, போனை வீட்டில் வைத்துவிட்டு, மூவருமாக ஹாஜியார் வீட்டுக்குப் போனார்கள். அவர் கேட்டைத் திறந்துவிட்டார், முகம் கொடுக்கவில்லை. குழிகளை மூடி, மண்ணைச் சமப்படுத்தி, சொன்னபடி புல்லைப் பதித்துவிட்டு வந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் அந்தப் பெருமை அவரைத் தேடி வந்தது. ஸியாமின் அடுத்த மாபெரும் கருத்தரங்கில் விஜயலெட்சுமிக்கு 'ஊவா மாகாணத்தின் ஓர்கானிக் அரசி' விருது. மண்டபத்தில் நிற்க இடமில்லை. பலகாரக் கடைக்காரர், தையல்காரர், சலூன்காரர் என்று ஊரே திரண்டிருந்தது.

மேடையில் பக்கத்தில் இருந்த ஸியாமிடம் விஜயலெட்சுமி மெல்லக் கேட்டார். "தம்பி, இத்தனை பேரும் உங்க போஸ்ட்டைப் பார்த்தா வந்தாங்க?"

ஸியாம் பரிதாபப்பட்டுச் சிரித்தார். "என்ன அக்கா நீங்க? போஸ்ட்டைப் பார்த்து யாரு வருவா? ஒரு கிழமையா ஒரு ஆட்டோவுல மைக் கட்டி ஊரெல்லாம் சுத்தினோம். நோட்டீஸ் அடிச்சோம். பேஸ்புக்குக்கும் நல்லாக் காசு கட்டினோம். செலவழிக்காம ஆள் வருமா?"

பொன்னாடை போர்த்தினார்கள். கேடயம் கொடுத்தார்கள். வெற்றியின் இரகசியத்தைச் சொல்லும்படி மைக்கையும் நீட்டினார்கள்.

விஜயலெட்சுமி சபையை ஒருமுறை பார்த்தார். எல்லோரும் குறிப்பெடுக்கத் தயாராக இருந்தார்கள்.

"தம்பி சொன்ன எதையும் நான் விடலைங்க, எல்லாத்தையும் செஞ்சேன்" என்றார். "கடைசியிலதான் ஒண்ணு விளங்கிச்சு. தம்பி நமக்குச் சொல்லித் தர்ற பயிரு வேற, தம்பி வளர்க்கிற பயிரு வேற. யூரியா எல்லாம் அவருக்கு. சாணி எல்லாம் நமக்கு."