மாமியின் மாத்திரையும் ஏலத்தில் போன குப்பியும்

பாறசாலை,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய ராபின்சன் அத்தானுக்கு, உங்கள் தங்கை ஷிஜியின் கணவன் ஜெனில் எழுதுவது. மஸ்கட்டில் நீங்களும் ரெஷ்மா அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே கிணறு, மின்சாரம், கோழி எல்லாம் சுகம். மாமியின் பிரஷர் மட்டும் சுகமில்லை. போனில் பேசினால் மாமி பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைத் திருத்துகிறார்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். மாமியை உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். ஷிஜியின் அடக்கத்தன்று நீங்கள் கேட்டபோது வேண்டாம் என்றேன். இப்போது சரி என்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். திருவனந்தபுரத்து ஆய்வகத்தில், வாய்வழியாகக் கொடுக்கும் மருந்தைக் குடலில் கொண்டு சேர்க்க மக்கும் பாலிமரில் நுண்தட்டுகள் செய்கிறோம். குழிகுழியான உண்ணியப்பச் சட்டியைப் பொடியளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி. குழியில் மருந்து இருக்கும், குழியுள்ள பக்கம் குடல் சுவரில் ஒட்டும், மருந்து மெல்ல மெல்லச் சுவருக்குள் இறங்கும், பிறகு தட்டே கரைந்துபோகும். மிஞ்சுவது மோரிலுள்ள புளிப்பு மாதிரி ஒன்று, அதையும் உடம்பு பார்த்துக்கொள்ளும். இவ்வளவு தெரிந்த என்னால் ஒரே கூரைக்குள் இருக்கும் ஒரு மாமியின் வாயில் ஒரு சாதாரண பிரஷர் மாத்திரையைக் கொண்டு சேர்க்க முடியவில்லை.

தினமும் காலையில் சாயாவுக்குப் பக்கத்தில் மாத்திரையை வைத்துவிட்டு ரயிலுக்குப் போவேன். திரும்பி வரும்போது மாத்திரை இருக்காது. விழுங்கியாயிற்று என்று நினைத்தேன். காரக்கோணம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அனகா அளந்து பார்த்துவிட்டு, மாத்திரை தின்கிறவர்களின் பிரஷர் இப்படி இருக்காது, இப்படியே போனால் ஒரு பக்கம் இழுத்துவிடும் என்றார். வீட்டுக்கு வந்து தேடினால் எல்லாம் குரோட்டன்ஸ் தொட்டியில் கிடந்தன. பிறகு ஏத்தம்பழத்துக்குள் வைத்தேன். மாமி அந்தப் பழத்தைக் கோழிக்குப் போட்டார்கள், கோழி மத்தியானம் வரை எழும்பவில்லை, மாமி அதற்காக முழங்காலில் நின்று ஜெபம் செய்தார்கள். அடுத்து புட்டுக்குள் வைத்தேன். தட்டு மாறி நானே தின்று ரயிலில் தூங்கி, திருவனந்தபுரமும் தாண்டிக் கொல்லத்தில் விழித்தேன்.

இதெல்லாம் போகட்டும். போன ஞாயிறு சபையில் அறுப்பின் பண்டிகை. முதல் விளைச்சலைப் படைத்து ஏலம் விடுவார்களே, அதுதான். நம் வீட்டில் என்ன விளைந்தது என்று மாமி தேடியிருக்கிறார்கள். கண்காட்சியில் காட்டுவதற்காகச் செய்து, மிச்சமென்று நான் பையில் கொண்டு வந்திருந்த ஒரு குப்பி கேப்ஸ்யூல்கள் அகப்பட்டன. உள்ளே தட்டு உண்டு, மருந்து கிடையாது. மருமகன் கைவேலையின் முதற்பலன் என்று அதைப் பலாக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் வைத்துவிட்டார்கள். சபைச் செயலர் சஜு குப்பியைத் தூக்கிப் பிடித்து, நம்ம ஜெனில் கண்டுபிடித்த மருந்தாக்கும் என்று ஏலம் சொன்னார். நான் எழுந்து, இதில் மருந்தே இல்லை என்றேன். பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தட்டி உட்கார வைத்தார். மனைவி போனவன் சொல்வதை இங்கே யாரும் மறுப்பதில்லை, கேட்பதுமில்லை. அடுத்த வீட்டுத் தாணுலிங்கம் சார் வருஷந்தோறும் நல்ல வாழைக்குலைக்காக நம் சபை ஏலத்துக்கு வருவார். இந்த வருஷம் குலை கைவிட்டுப்போன வாசியில், வீம்புக்கென்று குப்பியைப் பிடித்துவிட்டார்.

பிடித்ததோடு விடாமல் விழுங்கியும் விட்டார். வயிற்றுக்குக் கெடுதல் இல்லாத பொருள்தான், ஆனாலும் எனக்கு வேர்த்தது. மறுநாள் வந்து, கிராம ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த காலம்தொட்டு இருந்த வாயு போய்விட்டது என்றார். சார், அதில் ஒன்றுமே இல்லை என்றேன். “ரகசியம்னா ரகசியமாட்டே இருக்கட்டும், ஜெனிலே. நான் ஆருட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார். பக்கத்துச் செங்கல் ஊர்க் கோயில் வரைக்கும் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக் கோமளவல்லி அக்காவின் மூட்டுவலிக்குத் தனியாக ஒரு குப்பி வேண்டுமாம். அதைவிடப் பெரிய கேடு, மாமி இப்போது ஆஸ்பத்திரி மாத்திரை வேண்டவே வேண்டாம், மருமகன் செய்ததைத்தான் தின்பேன் என்கிறார்கள். இனி என்னால் ஆகாது அத்தான். நீங்கள் மாமி பெற்ற பிள்ளை, உங்கள் சொல்லைக் கேட்பார்கள். சீக்கிரம் டிக்கெட் எடுங்கள்.

உங்கள் வீட்டு வாசலுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் ஆண்டவர் காவலிருப்பாராக. பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
ஜெனில்

பி.கு.: திங்கள் காலை. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மாமி கண்ணாடி போட்டு வாசித்து முடித்திருந்தார்கள். அழவில்லை. கோழி ஜெபத்தால்தான் எழும்பியது, அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். நான், மாத்திரையை ஏன் தொட்டியில் போட்டீர்கள் என்று கேட்டேன்.

“ஷிஜி மாத்திரைய என் கையில தந்திட்டு, நான் முழுங்குறது வரை இடுப்புல கைய வச்சிட்டு நிப்பா. வாயத் தெற, நாக்கத் தூக்குன்னு போலீசு மாதிரி கேப்பா. நீ மேசையில வச்சிட்டு மூஞ்சியப் பாக்காம ஓடுவே. முழுங்குனாளா துப்புனாளான்னு பாக்க ஒரு ஆளு வேண்டாமா மக்கா?”

ஆஸ்பத்திரி மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நின்றேன். விழுங்கினார்கள். வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார்கள். ரயில் போய்விட்டது.

மேலே எழுதியபடி டிக்கெட் எடுக்க வேண்டாம் அத்தான். மாமி வரமாட்டார்கள், நானும் அனுப்புவதாக இல்லை.

இப்போது என் முன்னால் கஞ்சியும் பயறும் இருக்கின்றன. “ராத்திரியும் நீ ஒண்ணும் தின்னல்ல. தின்னு, நான் நிக்கேன்” என்கிறார்கள். நிற்கிறார்கள். கால்வலிக்காரி, அதிக நேரம் நிற்க வைக்கக்கூடாது. இதோடு முடிக்கிறேன்.