ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வைஃபை

"அப்படின்னா நான் உங்க கம்பெனியை விட்டே போயிடறேன்" என்றார் கிளிஃபர்ட், வழக்கமான மிடுக்கோடு.

வருடா வருடம் பிராட்பேண்டு ஒப்பந்தம் முடியும்போது அவர் சொல்லும் வசனம் இது. உடனே மறுமுனையில் பதறுவார்கள். "ஐயோ, அவசரப்படாதீங்க சார்" என்று குழைவார்கள். கட்டணத்தைக் குறைப்பார்கள். கிளிஃபர்ட் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுவிட்டு, போனால் போகிறதென்று சம்மதிப்பார். கேஸ், மின்சாரம், கார் இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் இதே நாடகம்தான். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதருக்கு இது ஒரு விளையாட்டு மாதிரி.

இந்த வருடம் மறுமுனைப் பெண், "சரிங்க சார், போயிட்டு வாங்க" என்றாள்.

"என்னம்மா சொன்னே?"

"இத்தனை வருஷம் எங்களோட இருந்ததுக்கு ரொம்ப நன்றி. இன்னைக்கே நிறுத்திடட்டுமா?"

இப்போது பின்வாங்கினால் மானம் என்னாவது? "தாராளமா நிறுத்து" என்றார்.

சாயங்காலம் மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது.

சரி, மலிவாக வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளலாம் என்று டேப்லட்டைத் திறந்தார். மலிவான கம்பெனியைத் தேட இன்டர்நெட் வேண்டும். அது இல்லை. அவருடைய செல்போனோ பித்தான் வைத்த பழைய போன். அதுவும் சிக்கனத்தின் சாதனைதான். மறுநாள் மழையில் நனைந்துகொண்டு நூலகத்துக்குப் போய், இருப்பதிலேயே மலிவான கம்பெனியில் பதிவு செய்துவிட்டு வந்தார்.

புது மோடம் தபாலில் வந்தது. கூடவே அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு அழைப்பும் வந்தது.

"சார், உங்க வீட்டுக்கு லைனே இல்லைன்னு கம்ப்யூட்டர் காட்டுதே."

"போன வாரம் வரைக்கும் இருந்ததுப்பா! அதை நிறுத்திட்டுத்தானே உங்ககிட்ட வந்தேன்!"

"அதான் சார் இல்லை. ஆள் அனுப்பறோம். கொஞ்ச நாள் ஆகும்."

கொஞ்ச நாள் என்றதும் கிளிஃபர்ட்டுக்குப் பகீரென்றது. ஞாயிற்றுக்கிழமை வருகிறதே!

மனைவி டோரா இறந்ததிலிருந்து அவருடைய வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை காலையை நோக்கித்தான் நகர்ந்துகொண்டிருந்தது. நியூசிலாந்தில் இருக்கும் மகள் பெவர்லி அப்போது வீடியோவில் வருவாள். மடியில் பேத்தி ஃப்ரேயா இருப்பாள். கிளிஃபர்ட், அடுப்பில் சூடான பாத்திரம் பிடிக்கும் மஞ்சள் கையுறையை மாட்டிக்கொண்டு வாத்தாகிவிடுவார். வாத்து பேத்தியோடு சண்டை போடும், தும்மும், பிஸ்கட் திருடும். நேரில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார் அந்தக் குழந்தையை. இரண்டு வாரம் வாத்து வராவிட்டால் குழந்தை தாத்தாவின் முகத்தை மறந்துவிடுமோ என்று அவருக்கு உள்ளூர ஒரு பயம்.

பக்கத்து வீட்டு நோரீனிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் நோரீனின் பூனை தன் பீன்ஸ் பாத்தியைக் கழிப்பறையாக்குகிறது என்று ஒருமுறை அவர் வேலிக்கு மேலே கத்தியிருந்தார். அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் "குட் மார்னிங்" மட்டும்தான். அதுவும் மழை இல்லாத நாட்களில்.

கதவைத் தட்டினார்.

"நோரீன், உங்க வீட்டுல வைஃபை இருக்கா?"

நோரீன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்குக் கேக்கறீங்க?"

கிளிஃபர்ட் எல்லாவற்றையும் சொன்னார். வாத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தடுமாறிவிட்டது.

"இருக்கே, இருக்கு" என்றார் நோரீன். "இன்னைக்கு வேண்டாம், வீடு போட்டது போட்டபடி கிடக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க."

ஞாயிற்றுக்கிழமை ஷேவ் செய்துகொண்டு, டேப்லட்டும் கையுறையுமாகப் போனார். நோரீன் கடவுச்சொல்லை ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். டீயும் திராட்சை கேக்கும் தயாராக இருந்தன. ஃப்ரேயா வந்தாள், வாத்து வந்தது. வாத்து கேக்கைத் திருடப் போனபோது சமையலறையிலிருந்து குபீரென்று ஒரு சிரிப்பு கேட்டது.

"அப்பா, அது யாரு?" என்றாள் பெவர்லி.

"பக்கத்து வீட்டு அம்மா."

"பூனைச் சண்டை அம்மாவா?"

"ஷ்ஷ்! காதுல விழும்!"

"விழுந்துடுச்சு" என்றார் நோரீன், கதவருகில் நின்றபடி.

அடுத்த ஞாயிறு நோரீன் சிவப்புக் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு கோழியாக வந்து சேர்ந்தார். கோழிக்கும் வாத்துக்கும் நடந்த சண்டையில் ஃப்ரேயா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். இதற்கிடையே புது கம்பெனி இரண்டு முறை தேதியைத் தள்ளிப்போட்டது. கிளிஃபர்ட்டுக்கு முன்பு போலக் கோபம் வரவில்லை என்பதை அவரே கவனிக்கவில்லை.

ஆனால் அவர் மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. எத்தனை நாளைக்கு அடுத்தவர் வைஃபையில் ஓசிப் பேச்சு? பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? அவருக்குத் தெரிந்த கலை ஒன்றே ஒன்றுதான்.

"நோரீன், இன்டர்நெட்டுக்கு மாசம் எவ்வளவு கட்டறீங்க?"

"தெரியலையே" என்றார் நோரீன், டீ ஊற்றியபடி.

"தெரியலையா!" கிளிஃபர்ட் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "இப்படி ஏமாந்தவங்களை வெச்சுத்தானே கம்பெனிக்காரன் பங்களா கட்டறான்!"

"கட்டிட்டுப் போறான், விடுங்க. கேக் எடுத்துக்கங்க."

கேக் எடுத்துக்கொண்டார். விடவில்லை. அந்த வாரமே நோரீன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில் புது கம்பெனிக்குப் போன் போட்டார். தன் இணைப்பு என்னாயிற்று என்று சத்தம் போட்டுவிட்டு, அதே மூச்சில், "பக்கத்து வீட்டையும் உங்க பக்கம் மாத்திக்கங்க. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து விலை குறைங்க" என்று பேரம் பேசினார். விலாசம், பெயர், இப்போதைய கம்பெனி எல்லாவற்றையும் ஒப்பித்தார். நோரீனுக்கு ஒரு இன்ப அதிர்ச்சி தரப்போவதாக நினைப்பு.

அதிர்ச்சி மட்டும் சனிக்கிழமை வந்தது.

"கிளிஃபர்ட், வைஃபை போயிடுச்சு" என்று வாசலில் வந்து நின்றார் நோரீன்.

கிளிஃபர்ட் போனைக் கையில் எடுத்தார். புது கம்பெனி விளக்கியது: "நீங்க பக்கத்து வீட்டுக்குக் குடி போறதா எழுதிக்கிட்டோம் சார். அதனால உங்க வீட்டு ஆர்டரை ரத்து பண்ணிட்டோம். பக்கத்து வீட்டு லைனை நிறுத்திட்டோம். புதுசு போட ஆள் அனுப்பறோம். கொஞ்ச நாள் ஆகும்."

இப்போது இரண்டு வீட்டிலும் இன்டர்நெட் இல்லை. மறுநாள் ஃப்ரேயாவின் பிறந்தநாள். வாத்தும் கோழியும் சேர்ந்து பாடுவதாக வாக்குக் கொடுத்தாயிற்று.

"என்னைக் கேக்காம எதுக்கு இந்த வேலை பண்ணினீங்க?" என்றார் நோரீன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "கம்பெனிக்காரங்க என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலை. உங்களுக்கு நாலு காசு மிச்சம் பண்ணலாம்னுதான்..."

"நான் கேட்டேனா? மிச்சம் பண்ணுங்கன்னு நான் கேட்டேனா?"

கிளிஃபர்ட் தலை குனிந்து நின்றார். டோரா இருந்திருந்தால், "உன் சிக்கனம் ஒருநாள் நம்மளைத் தெருவுல நிறுத்தும்" என்றிருப்பாள். உண்மையிலேயே அவர் தெருவில் இறங்கித்தான் ஓடினார். ஏனென்றால் முனையில் லைன் போடுகிறவர்களின் வேன் ஒன்று நின்றிருந்தது. உள்ளே ஒருவர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டையில் டேரன் என்று பெயர்.

"தம்பி, நாளைக்கு என் பேத்திக்குப் பிறந்தநாள்" என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டார் கிளிஃபர்ட். "நான் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். பாவம், அந்தம்மா லைன் போயிடுச்சு. என் வீட்டைப் பத்தி எனக்குக் கவலையில்லை. அவங்க வீட்டை மட்டும் சரி பண்ணிக்கொடு."

"சாப்பிட விடுங்க ஐயா" என்ற டேரன், பாதி சாண்ட்விச்சோடு இறங்கி வந்தார். தெருவோரக் கேபிள் பெட்டியைத் திறந்தார், யாருக்கோ போன் பேசினார், கெஞ்சினார், திட்டினார். கடைசியில் நோரீனின் வரவேற்பறையில் மோடத்தின் விளக்கு பச்சையாகச் சிரித்தது.

நோரீன் டேரனைப் பார்த்ததும் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் போனவர்தான், வெளியே வரவேயில்லை.

"ரொம்ப நன்றிப்பா" என்றார் கிளிஃபர்ட். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தம்மாவுக்கு வெவரம் பத்தாது. எத்தனை வருஷமா இந்தக் கம்பெனிக்குப் பழைய ரேட்டைக் கொட்டி அழறாங்களோ, தெரியலை" என்றார்.

டேரன் கேபிளைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார்.

"பழைய ரேட்டா? இந்த வீட்டுக்கு முதன்முதல்ல லைன் இழுத்ததே போன மாசம் நான்தான் ஐயா. 'இன்டர்நெட்டுன்னா எனக்கு என்னன்னே தெரியாதுப்பா, எவ்வளவு ஆனாலும் சரி, ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்தாகணும், பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டேன்'னு இந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்களே!"