முப்பத்திரண்டா, அறுபத்துநாலா?

பென்டிரைவைச் செருகி செட்டப்பைத் தட்டியதுமே திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. ‘இந்த வகைப் பிராசசரில் இந்த மென்பொருளை நிறுவ முடியாது.’

எடை மென்பொருளை நிறுவ வந்திருந்த சாம்சன் பெட்டியை மூடிவிட்டு மறுபடி தட்டினான். பெட்டியும் மறுபடி வந்தது.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலை. அதன் வாசலில், லாரிகளை எடை போடும் வேபிரிட்ஜ் அறை. அங்கே ஆபரேட்டர் விக்டோரியாதான் தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்து, “குந்து தம்பி” என்று உட்கார வைத்திருந்தாள்.

ஆலை மேனேஜர் துளசிராமன் எட்டிப் பார்த்தார். “பன்னெண்டு மணிக்கு வர்றேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட லேட் ஆவக் கூடாது.”

அவர் போனதும் சாம்சன் தன் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகவில்லை. இதற்கு முன் போன இடத்தில் ஏற்கெனவே ஒரு சொதப்பல். இதுவும் சொதப்பினால் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்று அவனுடைய மென்பொருள் நிறுவன முதலாளி பூவராகவன் சொல்லியிருந்தார்.

கணினியின் விவரங்களைத் திறந்து பார்த்தான். முப்பத்திரண்டு பிட். அவன் கொண்டுவந்தது அறுபத்துநாலு.

அறுபத்துநாலு பிட் கணினி, முப்பத்திரண்டு பிட் மென்பொருளையும் ஓட்டிவிடும். முப்பத்திரண்டுக்கு அறுபத்துநாலைப் படிக்கவே தெரியாது. அதனால் செட்டப் தயாரிக்கும்போதே, இது எந்த வகைக் கணினிக்கு என்று ‘பிளாட்ஃபார்ம்’ என்னும் இடத்தில் குறித்துவிட வேண்டும். நிறுவும் முன் கணினி முதலில் அதைத்தான் பார்க்கிறது.

முதலாளிக்குப் போன் போட்டான்.

“அறுபத்துநாலுன்னு கேட்டாங்கன்னு நீதானேடா சொன்ன?”

“அப்படித்தான் சார் கேட்டாங்க...”

“அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா? பன்னெண்டுக்குள்ள முடி. இல்லைன்னா இந்தப் பக்கமே வராதே.”

சாம்சன் தன் லேப்டாப்பைத் திறந்து, பிளாட்ஃபார்மை முப்பத்திரண்டு என்று மாற்றி, செட்டப்பைப் புதிதாக உருவாக்கினான். தட்டினான். பெட்டி வரவில்லை! பச்சைப் பட்டை கடகடவென்று ஓடி முடிந்தது. “ஸ்தோத்திரம்” என்றான் வாய்க்குள்.

மென்பொருளைத் திறந்தான். திறக்கவில்லை.

செட்டப்பில் மாற்றியது மேலே ஒட்டிய சீட்டை மட்டும்தான். மருந்து டப்பாவில் சீட்டை மாற்றினால் உள்ளே இருக்கும் மாத்திரை மாறிவிடுமா? உள்ளே இருந்தது அதே அறுபத்துநாலு. இதில் இன்னொன்று. புதியது ஏறுவதற்கு முன், அதுவரை ஓடிக்கொண்டிருந்த பழைய மென்பொருளைத் துடைத்துவிடுவது செட்டப்பின் வழக்கம். அந்த வேலையை மட்டும் அது ஒழுங்காகச் செய்திருந்தது.

முதல் லாரி எடை மேடையில் ஏறி ஹாரன் அடித்தது.

“பழசு எங்க தம்பி?” என்றாள் விக்டோரியா.

“போயிடுச்சிக்கா.”

“போயிடுச்சா? எங்க போச்சி?”

சாம்சன் காலியாகக் கிடந்த கோப்புறையைக் காட்டினான். அவள் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். “பேஜாரு. பன்னெண்டு வரைக்கும் நிக்கட்டும் வண்டிங்கோ, இன்னா பண்றது.”

சாம்சன் மறுபடி லேப்டாப்பை இழுத்தான். இம்முறை உள்ளே இருந்த மென்பொருளையே முப்பத்திரண்டாகத் தயாரித்து ஏற்றினான். திறந்தது! எடைக்கான கட்டத்தில் ஓர் எண்ணும் வந்தது.

பூஜ்யம்.

மேடையிலிருந்து வரும் எடையைப் படித்துச் சொல்ல, நடுவில் ஒரு சின்ன டிரைவர் கோப்பு உண்டு. மேடை செய்தவர்கள் கொடுப்பது அது. கணினியில் இருந்தது பழையதோடு போய்விட்டது. சாம்சனிடம் இருந்தது அதன் அறுபத்துநாலு பிட் வடிவம் மட்டும். முப்பத்திரண்டு பிட் மென்பொருளால் அதை அழைக்க முடியாது.

லாரி ஓட்டுநர் சுப்பிரமணி ஜன்னலில் தலையை நீட்டினார். “இன்னாபா, ரெண்டாள் ஒசரத்துக்கு இரும்பு ஏத்திக்கினு வந்துகிறேன். முட்டைன்ற?”

“நீ எறங்கி மேடை மேல நில்லுண்ணா. உன் எடையாச்சும் வருதா பாக்கலாம்” என்றாள் விக்டோரியா.

“நக்கலா? பின்னால லைனு புதுவாயல் வரைக்கும் போயிடும்போல கீது!”

சாம்சனுக்கு ஒரு யோசனை வந்தது. ஒருமுறை அணைத்துப் போட்டால் ஒருவேளை சரியாகலாம். அணைத்தான். போட்டான். உள்ளே ஏதோ ‘டக்’ என்றது. திரை கறுத்தே கிடந்தது.

கணினியின் முதுகைத் தட்டினான். கையெடுத்துக் கும்பிட்டான். மின்விசிறிகூடச் சுழலவில்லை.

கதவு திறந்தது. துளசிராமன். அவர் திரையைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். புன்னகைத்தார். திட்டியிருந்தால்கூட சாம்சனுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

“பன்னெண்டு ஆயிடுச்சி, விக்டோரியா” என்றார்.

சாம்சன் எழுந்தான். ஐடி கார்டு கழுத்தை விட்டு வர மறுத்தது. “சார், தப்பு என்னோடதுதான். பழசு அழிஞ்சிடுச்சி. கம்ப்யூட்டரும் போயிடுச்சி. எங்க முதலாளிக்கு ஒண்ணும் தெரியாது சார்...”

“ஐய, இன்னாத்துக்கு தம்பி அழுவுற?” என்றாள் விக்டோரியா. “ராவுகாலத்துல புதுசைப் பிரிக்கக் கூடாதுன்னு சார் சொன்னாரு, அதான் அது முடியுற வரைக்கும் உன்னை இங்க குந்த வெச்சேன், இதைக் காயலான் கடைக்குத் தள்ளிட்டு, ஆபீஸ் ரூம்ல கீற புதுக் கம்ப்யூட்டர்ல நீ காலையில கொண்டாந்ததையே போடு.”