நாயையும் ‘வாங்க’ என்ற பாகு மாஸ்டர்

கோவில்பட்டியில் எறும்பிலிருந்து கலெக்டர் வரைக்கும் ஒரே அளவு மரியாதை கொடுத்த மனிதர் ஒருவர்தான் உண்டு. நான் டிகிரி முடித்துவிட்டு பில் போடும் வேலைக்குப் போன கடலைமிட்டாய் கம்பெனியில் அவர் பாகு மாஸ்டர். வெல்ல மூட்டையில் எறும்பு ஏறினால்கூட, "கொஞ்சம் அங்கிட்டுப் போங்க, சுடுபாகு தெறிச்சிரும்" என்று சொல்லிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி ஊருக்கே அவர் ‘வாங்க அண்ணாச்சி’தான். விறகு இறக்க வருகிறவர், சாக்கடை அள்ள வருகிறவர், கடன் கேட்டு வருகிறவர், யார் வந்தாலும் "வாங்க" என்பார். கம்பெனி வாசலில் நட்டநடுவே ஒரு செவலை நாய் படுத்திருக்கும். லோடு ஆட்டோ வந்து ஆரன் அடித்தாலும் எழுந்திருக்காது. இவர் அருகில் போய்க் குனிந்து, "கொஞ்சம் தள்ளிப் படுக்கீயளா? வண்டி வருது" என்பார். உடனே எழுந்து ஓரமாகப் போய்விடும். நானும் ஒருநாள் அதிகாரமாக அதட்டிப் பார்த்தேன். பல்லைக் காட்டியது.

"நாய்க்கு எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு மரியாதை?" என்று கேட்டேன்.

"அவியளும் காவல் வேல பாக்காவல்லா, தம்பி. சம்பளம்தான் கெடையாது. மரியாதயாவது இருந்துட்டுப் போட்டுமே" என்றார்.

எங்கள் முதலாளி இதற்கு நேர் எதிர். கெட்டவர் இல்லை, ஆனால் அவர் அகராதியில் ஆண்களெல்லாம் ‘ஏலே’, பெண்களெல்லாம் ‘ஏட்டி’. அறுபது வயதுக்காரரையும் ‘ஏலே’ என்பார். கூப்பிட்டவுடன் எல்லோரும் ஓடுவோம். வாங்க அண்ணாச்சி மட்டும் திரும்ப மாட்டார். கேட்டால், "இங்கன அப்படி ஒரு ஆளு வேல பாக்கலியே" என்பார். சரியான வீம்புக்காரர் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவருக்குக் காது கேட்காது என்று கேலியும் செய்வோம்.

கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு மாஸ்டரிடம் யாரும் வம்பு வைத்துக்கொள்ள முடியாது. கடலை யார் வேண்டுமானாலும் வறுக்கலாம். வெல்லப்பாகின் பதம்தான் பிழைப்பு. கொதிக்கிற பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, உருட்டி, எவர்சில்வர் தட்டில் எறிவார்கள். ‘டங்’ என்று சத்தம் வந்தால் அந்த நிமிடமே சட்டியை இறக்க வேண்டும். முன்னாடி இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். பின்னாடி இறக்கினால் கசக்கும்.

அப்படி ஒருநாள் பாகு கொதித்துக்கொண்டிருக்கிறது. அண்ணாச்சி உருட்டி எறிகிறார், மறுபடி உருட்டி எறிகிறார், இறக்குவதாகக் காணோம். முதலாளி ஆபீஸ் வாசலில் நின்று, "ஏலே, எறக்குலே" என்று கத்தினார். திரும்பவில்லை. இன்னும் நாலு ‘ஏலே’ போட்டார். புகை கிளம்பிவிட்டது. முதலாளி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கியபோது சட்டிக்குள் இருந்தது பாகு இல்லை, தார். அதை வைத்து எட்டயபுரம் ரோட்டில் ஒரு பள்ளத்தை மூடியிருக்கலாம்.

அண்ணாச்சி சட்டியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். "ஏலேன்னு கூப்ட்டா நான் என்னைக்கு முதலாளி திரும்பியிருக்கேன்?" என்றார்.

கம்பெனியே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. ஒரு சட்டி பாகு போன வயிற்றெரிச்சலில் முதலாளிக்கு அன்றைக்கே ஞானம் பிறந்தது. மறுநாளிலிருந்து ஆண்கள் ‘அண்ணாச்சி’, பெண்கள் ‘யக்கா’. என்னைக்கூட ‘தம்பி, வாங்க’ என்றார். முதல் ஒரு வாரம் எனக்கு யாரையோ கூப்பிடுகிறார் என்றே தோன்றியது.

ஆனால் முதலாளி சாமான்யப்பட்டவரா? மரியாதைக்குச் செலவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்தத் தீபாவளிக்கு போனஸ் கேட்டபோது, ஆளுக்கொரு பொன்னாடை போர்த்திக் கைகூப்பினார். நாங்கள் முழித்தோம். மறுநாள் காலையில் அண்ணாச்சி பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே அடுப்பில் வந்து நின்றார். அவரைப் பார்த்து பேக்கிங் பெண்களும் போர்த்திக்கொண்டார்கள். மூன்று நாள் எங்கள் கம்பெனி ஒரு பாராட்டு விழா மேடை மாதிரி இருந்தது. லோடு ஏற்ற வந்த கயத்தாற்று டிரைவர், "என்ன விசேசம், எல்லாரும் ரிட்டயர்டா?" என்று கேட்டார். வெளியூர் வியாபாரி ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நாலாம் நாள் போனஸ் வந்தது. பொன்னாடையைத் திருப்பிக் கேட்க முதலாளிக்குத் தைரியம் வரவில்லை. என்னுடையது இன்றும் எங்கள் வீட்டு மிக்ஸியை மூடிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தார். அது மாரியம்மா விஷயம்.

மாரியம்மா அக்கா, அடுப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்து மிட்டாய் வெட்டி பாக்கெட் போடுகிறவர். பதினைந்து வருடமாக அதே இடம், அதே கத்தி. அதிகம் பேச மாட்டார். அடிக்கடி முந்தானையால் முகம் துடைத்துக்கொள்வார். அடுப்பு வெக்கை என்று நினைத்துக்கொள்வேன். பொன்னாடைக்கு அடுத்த வருடம் அவர் ஒருநாள் முதலாளியிடம் வந்து, ரெண்டாவது அடுப்பு போடப் போவதாகக் கேள்விப்பட்டேன், அதில் பாகு எடுக்க என்னை விடுங்கள் என்று கேட்டார். அடுப்புச் சம்பளம் பேக்கிங் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு.

முதலாளி சிரித்துவிட்டார். பாகு எடுப்பது ஆம்பிளை வேலை என்றும், பெண் அடுப்பில் நின்றால் பதம் நிற்காது என்றும் சொன்னார். அவர் வீட்டு அடுப்பில் நிற்பது யார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. சம்பளத்தை நினைத்து அடக்கிக்கொண்டேன். நாய்க்காகப் பேசுகிற அண்ணாச்சி பேசுவார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மாரியம்மா விடவில்லை. புதியம்புத்தூர் ரெடிமேட் துணிக் கம்பெனி வேன் எங்கள் ஊருக்கே வருகிறது, இங்கே அடுப்பு இல்லை என்றால் திங்கட்கிழமையிலிருந்து அங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டார். பிறகு அண்ணாச்சிக்கு எதிரே போய், முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"வாங்க, போங்கன்னு ஆயிரம் தடவ சொல்லிட்டிய அண்ணாச்சி. அடுப்புக்கிட்ட வாங்கன்னு ஒரு தடவ சொல்லலியே."

அன்று மதியம் அண்ணாச்சி தூக்குவாளியைத் திறக்கவே இல்லை. கொண்டுவந்த சாப்பாட்டை வாசலில் படுத்திருந்த செவலைக்கு வைத்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. ஐப்பசி மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. தீபாவளி ஆர்டர் மலை மாதிரி நின்றது. அண்ணாச்சி பாகு காய்ச்சாமல் முதலாளியைக் கூப்பிட்டனுப்பினார். வந்தவரிடம், "முதலாளி, என் முதுகுக்குப் பின்னால நின்னு ‘ஏலே’ன்னு கூப்பிடுங்க" என்றார்.

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. கருகிய சட்டி கண்முன் வந்திருக்கும். அண்ணாச்சி கெஞ்சிக் கேட்டபிறகு ரகசியம் மாதிரி ஒரு ‘ஏலே’ சொன்னார். அண்ணாச்சி திரும்பவில்லை. சத்தமாகச் சொன்னார். திரும்பவில்லை. அதுதான் தெரிந்ததாயிற்றே என்று நாங்கள் நின்றோம். கடைசியில் முதலாளி பயந்துபோய், "அண்ணாச்சி... அண்ணாச்சி" என்று பணிவாகக் கூப்பிட்டார். அதற்கும் திரும்பவில்லை.

சிறிது நேரம் கழித்து அவராகவே திரும்பி, "கூப்ட்டாச்சா?" என்றார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அண்ணாச்சியின் புளுகு இரண்டு வருடம் தாங்கியிருந்தது. காது போய் இரண்டு வருடமாகிறது என்று சொன்னார். வாயசைவைப் பார்த்துத்தான் பதில் சொல்லி வந்திருக்கிறார். தட்டில் எறிவது அவர், சத்தத்தைக் கேட்டது மாரியம்மா. ‘டங்’ விழுந்ததும் முந்தானையால் முகம் துடைப்பார். அதைப் பார்த்து இவர் சட்டியை இறக்குவார். முதலில் அண்ணாச்சி தடுமாறியதைப் பார்த்து மாரியம்மாதான் தானாக ஜாடை காட்டியிருக்கிறார். அப்படியே வழக்கமாகிவிட்டது.

"அன்னிக்குப் பாகு கருகினது என் வீம்புல இல்ல, முதலாளி" என்றார் அண்ணாச்சி. "அவிய அம்மன் கொடைக்கு லீவு போட்டிருந்தாவ. ரெண்டு வருசமா பாதி அடுப்பு வேல அவிய பாத்தாவ, முழுச் சம்பளம் நான் வாங்குதேன். சொன்னா என் அடுப்பு போயிருமேன்னு பயந்துட்டேன். ஊருக்கெல்லாம் மரியாத சொல்லிட்டு, அவியளுக்குச் சேர வேண்டியத அமுக்கிட்டேன்."

அவர் குரல் உடைந்தது. எனக்குக் கோபமும் வந்தது, மரியாதையும் வந்தது. தன் பிழைப்பைத் தானே கையில் எடுத்து எல்லோர் முன்னாலும் வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

முதலாளி நம்பவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். மாரியம்மா எல்லோருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றார். அண்ணாச்சி பாகு காய்ச்சி, உருட்டி எறிந்தார். "இன்னும் இல்ல" என்றார் மாரியம்மா. அடுத்த உருண்டை விழுந்தது. எங்களுக்கெல்லாம் ‘டங்’ என்றே கேட்டது. முதலாளி சட்டியைப் பிடிக்கப் போனார்.

"மழ ஈரம் இருக்கு. இன்னும் கொஞ்சம் முத்தட்டும்" என்றார் மாரியம்மா, திரும்பாமலே.

மூன்றாவது உருண்டைக்கு "எறக்குங்க" என்றார். ஆறியபிறகு முதலாளி ஒரு துண்டை உடைத்தார். படக்கென்று உடைந்தது. மென்றார். அவர் முகத்தில் ஆம்பிளை வேலை, பொம்பிளை வேலை எல்லாம் மறந்துபோய் தீபாவளி ஆர்டர் மட்டும் தெரிந்தது. மாரியம்மா யக்காவுக்கு அன்றைக்கே அடுப்பும் அடுப்புச் சம்பளமும் கிடைத்தன. புதியம்புத்தூர் வேன் திங்கட்கிழமை ஒரு சீட் காலியாகப் போனது.

அண்ணாச்சி தானாகக் கேட்டு, மாரியம்மாவின் இடத்தில் கத்தியோடு உட்கார்ந்தார். கோவில்பட்டி வரலாற்றிலேயே மெதுவாக பாக்கெட் போட்டவர் அவர்தான். ஒவ்வொரு மிட்டாயையும் பார்த்து ‘உள்ள போங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் கவருக்குள் விடுவார். பேக்கிங் சம்பளம்தான் தனக்கு நியாயம் என்று பிடிவாதமாக இருந்தார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை நடந்தது. மாதக் கடைசியில் அண்ணாச்சியின் சம்பளக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "தம்பி, இத வச்சு ஒரு மனுசன் எப்படிக் குடும்பம் நடத்துவான்?" என்று என்னைக் கேட்டார். பதினைந்து வருடமாக அதே கவரை வாங்கிப் பெண்கள் குடும்பம் நடத்தியது அவர் கண்ணில் பட்டதே இல்லை. ஒரு அண்ணாச்சி வாங்கும்போதுதான் பட்டது. இந்த முறை நாக்கை நான் அடக்கவில்லை, சொல்லிவிட்டேன். அவர் என்னை முறைத்தார். ஆனால் அடுத்த மாதம் பேக்கிங் சம்பளம் எல்லோருக்கும் ஏறியது.

நான் வேலை மாறி மதுரைக்கு வந்து சில வருடங்களாகின்றன. போன மாதம் ஊருக்குப் போனபோது கம்பெனிக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. மாரியம்மா அக்கா பாகை இறக்கினார். இன்னும் பழக்கதோஷத்தில் ஒருமுறை முகம் துடைத்துக்கொள்கிறார். வெட்டிய முதல் துண்டை எடுத்து அண்ணாச்சிக்கு எதிரே போய் நின்று நீட்டினார். அவர் கடித்து, கண்ணை மூடி, தாடையில் கையை வைத்து, நொறுங்குகிற அதிர்வைப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு மாஸ்டர்" என்றார். அந்தச் சொல்லுக்கு மாரியம்மா அக்கா நிமிர்ந்த நிமிர்வைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

புறப்படும்போது அண்ணாச்சி வாசல்வரை கூடவே வந்தார். செவலை, கிழடு தட்டிப்போய், அதே இடத்தில் வாசலை அடைத்துப் படுத்திருந்தது. அண்ணாச்சி குனிந்து, "தம்பி ஊருக்குப் போறாவ. கொஞ்சம் வழி விடுங்க" என்றார். அது மெல்ல எழுந்து ஓரமாகப் போனது.

எத்தனையோ ஆபீஸ் வாசல்களைத் தாண்டியிருக்கிறேன். எனக்காக ஒருத்தர் குனிந்து வழி கேட்டது அந்த வாசலில் மட்டும்தான்.