காதுகுத்துக்கு எதிராக ஒரு குத்துச்சண்டை

பலவேசம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். வானமே இடிந்து விழுந்தாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போவதில்லை.

மச்சான் கண்ணுச்சாமி மேல் கோபமெல்லாம் இல்லை. அமெரிக்காவில் ஹெவிவெயிட் பட்டத்துக்கு இரண்டு மலைகள் மோதப்போகின்றன. இரண்டும் இதுவரை தோற்காத மலைகள். அங்கே சனி ராத்திரி, நமக்கு ஞாயிறு காலை எட்டு மணி. காரியாபட்டிக் குலசாமி கோயிலில் ஆசாரி ஊசி எடுக்கும் நேரமும் அதே எட்டு மணி.

இதைப் பெண்டாட்டி பொன்னுத்தங்கத்திடம் நேராகச் சொல்ல முடியுமா? பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள். பத்தாயிரம் வெடியில் ஒன்று கோணினாலும் அவள் விரல் கண்டுபிடித்துவிடும். புருசன் வாய் கோணினால் கேட்கவே வேண்டாம். அதனால் பொய்யை உண்மைக்குள் வைத்துச் சுற்றிக் கொடுப்பது என்று திட்டம்.

உண்மை என்னவென்றால், பலவேசம் சிவகாசி காலண்டர் ஆபீஸ் ஒன்றில் டிசைனர். மதுரையில் ஒரு ஜிம்காரர், உலகத்தின் தலைசிறந்த ஹெவிவெயிட் வீரர்களை மாசத்துக்கு ஒருவராகப் போட்டுக் காலண்டர் கேட்டிருந்தார். சாதனை வரிசைப்படி, முதல் ஆளுக்கு ஜனவரி. ஆடிப்பெருக்கு அன்றைக்கு மாதிரிக் காலண்டர்களின் புது ஆல்பம் வெளியாவதற்குள் டிசைன் முடிய வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தான்.

"தங்கம், ஞாயித்துக்கெழம வர முடியாது போல. ஆபீஸ் வேல. அன்னைக்கு ஒரு சண்ட நடக்கு. செயிக்கிறவன எந்த மாசத்துல போடுறதுன்னு பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

இடி விழப்போகிறது என்று காதைத் தயாராக வைத்திருந்தான். அவளோ பூண்டு உரித்தபடியே, "அய்யோ பாவம்" என்றாள். "அம்புட்டு வேலயா? யாரு யாரு இருக்காக? சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்."

பதினோரு வருசத்தில் அவள் குத்துச்சண்டையைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. பலவேசம் மடை திறந்துவிட்டான்.

"மார்சியானோன்னு ஒருத்தரு. நாப்பத்தொம்பது சண்ட. நாப்பத்தொம்பதும் செயிப்பு!"

"ஒண்ணுகூடத் தோக்கலயா? கல்யாணம் ஆகலையோ?"

"ஆச்சு தாயி. அதை அந்தக் கணக்குல சேக்கல. அடுத்து ஜோ லூயிஸ். பட்டத்த இருவத்தஞ்சு தடவ காப்பாத்துனாரு. பன்னெண்டு வருசத்துக்குக் கிட்ட ஒருத்தனயும் தொட விடல."

"யாத்தே! எங்க சித்தப்பா பஞ்சாயத்துத் தலைவரா அஞ்சு வருசம் தாக்குப்பிடிக்கல."

"ஃபோர்மேன் நாப்பத்தஞ்சு வயசுல மறுபடியும் பட்டம் வாங்குனாரு."

பொன்னுத்தங்கம் அவன் தொந்தியை ஒருமுறை பார்த்தாள். "ஒங்களுக்கு நாப்பத்திரெண்டுதான. இன்னும் காலம் இருக்கு."

"முகமது அலி. அம்பத்தாறு செயிச்சாரு. அஞ்சு தோத்தாரு."

"அஞ்சா? அப்ப அவருக்கு டிசம்பரு."

பலவேசம் பதறிப்போனான். "ஏ புள்ள, வாயக் களுவு! கடேசி ரெண்டும் வயசு போன பெறகு தோத்தது. அதுக்கு முந்தி மூணு பேருகிட்டத்தான் தோத்தாரு. அந்த மூணு பேரையும் மறுபடியும் மேடைக்கு இழுத்தாந்து அடிச்சாரு!"

பூண்டு அவள் கையிலேயே நின்றுவிட்டது. "மூணு பேரையுமா?"

"மூணு பேரையும்."

"அவருக்கு ஜனவரிதாங்க" என்றாள் மெதுவாக.

பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு சந்தேகங்க. இப்ப ஒரு எளவட்டம். முப்பது சண்ட, முப்பதும் செயிப்புன்னு வைங்க. அவன இந்த மகராசங்க பக்கத்துல போடுவீகளா?"

"எப்பிடிப் போடுறது? நாளைக்கே பத்து தோத்துட்டான்னா? கிளவுஸக் கழட்டி ஆணியில மாட்டுன பெறகுதான் கணக்கு. கொதிக்கிற கொழம்புக்கு மார்க்கு போட முடியுமா?" சொன்னது அவனுக்கே ரொம்பப் பிடித்துப்போனது.

"மொதலாளி போடச் சொன்னா?"

"மொதலாளி என்ன? ஒங்க குலசாமியே எறங்கி வந்து சொன்னாலும் போட மாட்டேன்!" நெஞ்சில் தட்டிக்கொண்டான்.

"சரிங்க." பூண்டுத் தோலைச் சொளகில் கூட்டினாள். "ஞாயித்துக்கெழம குத்துறாகளே ரெண்டு பேரு, அவுக கிளவுஸக் கழட்டிட்டாகளா?"

பலவேசம் குனிந்து, சிந்திய பூண்டுத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"அப்ப செயிச்சாலும் தோத்தாலும் காலண்டர்ல எடமில்ல. அத எதுக்கு ஆபீஸ்னு பாக்கணும்? வெள்ளச் சட்டைய எடுத்து வைக்கேன். அஞ்சு மணி பஸ்ஸு."

நடுவர் பத்து எண்ணும் நேரம் பலவேசம் எழவில்லை. எழுந்தபோதும் கோபம் வரவில்லை, மலைப்புதான் வந்தது. அவள் ஒரு குத்துகூட விடவில்லை. அவன் கையைப் பிடித்து அவன் மூக்குக்கே வழி காட்டியிருந்தாள். நாற்பத்தொன்பது சண்டையும் ஜெயித்தவருக்குக்கூட இந்த வித்தை தெரிந்திருக்குமா என்று ராத்திரி முழுக்க யோசித்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் வேப்பமரத்தடி. கிடாக் கறிக்கு ஒரு மூட்டை வெங்காயம். உரிப்பதற்கு வீட்டு மாப்பிள்ளை. மறைவில் பார்த்துக்கொள்ளலாம் என்று மடியில் கட்டிவந்த செல்லையும், "போட்டா எடுக்கணும்" என்று அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எட்டரை மணிக்குப் பந்தலுக்குள் பெண்களின் கூச்சல் கிளம்பியது. காது குத்திவிட்டார்கள் போல என்று எட்டிப் பார்த்தான். ஆசாரி ஊசியைக் கையில் பிடித்தபடி செல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் மடியில் பிள்ளை அழ மறந்து வாய் பிளந்திருந்தது. சுற்றி இருபது பெண்கள். நடுவில் பொன்னுத்தங்கம், முந்தானையை இழுத்துச் செருகி, முஷ்டியை மடக்கிக் காற்றைக் குத்திக்கொண்டிருந்தாள்.

"ஏங்க! அஞ்சாவது ரவுண்டுலயே ஒருத்தரு மல்லாந்துட்டாரு, இன்னும் எந்திரிக்கல!" என்று அங்கிருந்தே கத்தினாள். "நீங்க இன்னும் கால் மூட்டகூட உரிக்கலயே?"