தலையிடாத கேமரா

கதவைப் பழுது பார்ப்பதைவிடக் கலையை வளர்ப்பது சுலபம் என்று கிளெம் கண்டுபிடித்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

ஆஸ்திரேலியாவின் விம்மெராவில் கோதுமைக் கிடங்கு ஒன்றில் காலமெல்லாம் லாரிகளை எடை போட்ட மனுஷன். வீட்டில் அவனுக்காகக் காத்திருந்தது பின்பக்கத்து வலைக்கதவு. மேல் கீல் கழன்று தொங்கியது. காற்றடித்தால் டமாரென்று அறையும். ஊர் ஈக்கள் அத்தனையும் அந்த வழியாக வந்து வெண்ணெயில் உட்கார்ந்து குடும்பம் நடத்தின.

"கிளெம், அந்தக் கதவு?" என்பாள் மனைவி நெரிடா.

"சனிக்கிழமை."

எந்தச் சனிக்கிழமை என்று அவன் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

இந்த நேரம் பார்த்து நூலகத்து ஷோனா அவனைக் கெடுத்தாள். உறுப்பினர் அட்டை இருந்தால் ஆவணப்படங்களை வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம் என்றாள். யாரும் சீண்டாத பழைய குறுந்தகடுகள் ஒரு அலமாரி நிறையக் கிடந்தன. ஊர் மண்டபத்தில் மாதாமாதம் ஆவணப்பட வட்டம் வேறு கூடியது. கிளெம் தொபுக்கென்று விழுந்தான். பனிமலை, எறும்பு, சிறைச்சாலை, பியானோ செய்கிறவர், எதையும் விடவில்லை.

"கொஞ்சம் எழுந்து வாயேன், கிளெம்."

"வேலையா இருக்கேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

"ஒலியை ரசிக்கிறேன். அது உனக்குப் புரியாது."

"குறட்டை கூடப் படத்துல வருதா?"

கிளெம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இதோ பாரு கண்ணு. ஆவணப்படத்துக்கு ஒரு தர்மம் இருக்கு. நிஜத்துல கை வைக்கக் கூடாது. சிங்கம் மானைத் துரத்துனா கேமராக்காரன் மானைக் காப்பாத்த ஓட மாட்டான். நடக்குறத நடக்க விடணும்."

"அப்போ நம்ம கதவு?"

"அது தொங்குது. நான் தலையிடல."

நெரிடா கோபப்படவில்லை. அங்கேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும். அவளோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சரி, நல்ல படம் எப்படி எடுக்குறாங்க?" என்று கேட்டாள்.

கிளெமுக்குத் தலைகால் புரியவில்லை. லாரி எடையைத் தவிர வேறெதையும் அவனிடம் யாரும் கேட்டதில்லை.

"பொறுமை வேணும். கேமராவ ஒரு இடத்துல வச்சுட்டு மறந்துடணும். எதுத்தாப்ல இருக்கறவனும் மறந்துடணும். அப்புறம், வாயை நம்பாத. கை என்ன பண்ணுதுன்னு பாரு. வாய் ஆயிரம் சொல்லும்."

"கதைய எங்க போய்த் தேடுறதாம்?"

"தேடவே வேணாம், நெரிடா. வீட்டுக்குள்ளயே கிடக்கும்."

மறுநாளிலிருந்து சர்க்கரை டப்பாவில் அவளுடைய போன் சாய்ந்து நின்றது. கேக் செய்முறை பார்ப்பதாகச் சொன்னாள். குளிர்காலம் முழுக்கப் பார்த்தாள். கேக் ஒன்றும் வரவில்லை. கிளெம் அதையும் கவனிக்கவில்லை.

வருஷா வருஷம் உள்ளூர்க்காரர்கள் எடுத்த படத்தைத் திரையிட்டுவிட்டு வட்டத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கிளெமுக்கு அந்தப் பதவி வேண்டும். உண்மையிலேயே வேண்டும். வேலையை விட்ட பிறகு கதவைத் தவிர வேறெதற்கும் யாரும் தன்னைத் தேடவில்லை என்பது அவனுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. போட்டிக்கு நின்றது பக்கத்து வீட்டு கஸ்.

மண்டபம் நிரம்பியிருந்தது. கிளெம் மேடையேறி வெளுத்து வாங்கினான். "உண்மையக் காட்டுறவங்களக் கை தட்டி வரவேற்கணும். படத்துல வர்றவங்க கோவிச்சுக்கக் கூடாது. அதுதான் ரசனை!"

பலத்த கைதட்டல். கிளெம் இறங்கி வந்து நெரிடா பக்கத்தில் உட்கார்ந்தான். விளக்கு அணைந்தது. திரையில் படத்தின் பெயர் வந்தது: 'சனிக்கிழமை'.

முதலில் ஒரு வலைக்கதவு. அப்புறம் ஒரு சாய்வு நாற்காலி. அதில் வாயைப் பிளந்தபடி கிளெம். மழை வந்தது, கதவு தொங்கியது, கிளெம் தூங்கினான். மழை விட்டது, கதவு தொங்கியது, கிளெம் தூங்கினான். நடுநடுவே அவன் குரல் மட்டும், "சனிக்கிழமை." மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தபோது மண்டபமே குலுங்கியது. கஸ் முழங்காலைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கிளெமுக்குக் காதெல்லாம் சுட்டது. பதவி போச்சு, மானமும் போச்சு.

அப்போது திரையில் சோபா வந்தது. நெரிடா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கதவு டமாரென்று அறைந்தது. கிளெம் பூனை போல எழுந்தான். சுற்றும் முற்றும் பார்த்தான். இடுப்புப் பெல்ட்டை உருவிக் கதவை இழுத்துக் கட்டினான். நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் கம்பளியை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டுப் போனான்.

சிரிப்பு நின்றது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கிளெமுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. இருட்டில் நெரிடாவின் கையைத் தேடினான். அது ஏற்கெனவே அவன் பக்கம்தான் இருந்தது.

தலைவர் கிளெம்தான் என்று முதலில் கத்தியது கஸ். "ஆனா ரெண்டாம் பாகம் வேணும்!" என்று கத்தியதும் அவனே.

சனிக்கிழமை பின்கட்டில் ஊரே மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிட்டது. ஆளுக்கொரு தட்டில் பலகாரம். கஸ் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தான். கிளெம் கதவைத் தோளில் தாங்கியபடி கீலோடு மல்லுக்கட்டினான்.

"கஸ், ஒரு கை பிடிடா."

"மன்னிக்கணும் தலைவரே. நிஜத்துல கை வைக்கக் கூடாது."

"ஷோனா?"

"சிங்கம், மான்," என்றாள் ஷோனா, வாய் நிறைய சாசேஜோடு.

கடைசித் திருகாணி இறங்கியது. கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கிளெம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, கேமரா முன்னால் தலை வணங்கி நிமிர்ந்தான்.

கேமரா அவனைப் பார்க்கவில்லை. நெரிடா அதைப் பொறுமையாக மேலே திருப்பி, கூரையோரம் கழன்று தொங்கிக்கொண்டிருந்த மழைநீர்த் தகரக் குழாயின் மேல் நிறுத்தியிருந்தாள்.