லா பாயிண்ட் கூண்டில் ஏறிய கதை

வக்கீல்களில் இரண்டு இனம் உண்டு. முதல் இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: உச்சி வெயிலிலும் கறுப்புக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, கையில் கேஸ் கட்டு, முகத்தில் அவசரம். வெள்ளைக்காரன் கப்பலேறும்போது கழற்றிப் போட்டுவிட்டுப் போன கோட்டுக்குள் இன்னமும் வெந்துகொண்டிருக்கும் அந்தப் பாவப்பட்ட ஜீவன்களை இங்கே தொந்தரவு செய்யப்போவதில்லை. நமக்கு வேண்டியது இரண்டாவது இனம். இவர்களுக்குக் கோட்டு கிடையாது, பட்டம் கிடையாது, கட்சிக்காரர் கிடையாது. ஆனால் எங்கேயாவது இரண்டு பேர் குரலை உயர்த்தினால் போதும், இவர்களுக்கு மூக்கில் வியர்த்துவிடும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவில் வந்து, தொண்டையைச் செருமி, "சட்டப்படி பார்த்தா..." என்று ஆரம்பிப்பார்கள். சண்டை போட்டவர்கள் இரண்டு பேரும் சமாதானமாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் மட்டும் நின்று பேசிக்கொண்டிருப்பார்.

இந்த இனத்துக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் லா பாயிண்ட். தெருவுக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. விளக்கில்லாத தெரு இருக்கலாம், இவர் இல்லாத தெரு இருக்காது.

நம்முடைய லா பாயிண்ட் ஒரு பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பர். கம்பி வலை போட்ட ஜன்னலுக்குப் பின்னால், பிரேக் லைனிங்குக்கும் ஃபேன் பெல்ட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பார். கையெல்லாம் கிரீஸோடு ஒரு மெக்கானிக் வந்து போல்ட்டு கேட்டால், போல்ட்டு கிடைக்க நேரமாகும். சட்டம் உடனே கிடைக்கும். "கேட்டா குடுத்துடணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?" என்பார். மெக்கானிக்குக்குத் தேவை போல்ட்டு. சட்டத்தை மாட்டி பஸ்ஸை ஓட்ட முடியாது.

இவருக்கு அப்படி என்ன சட்டம் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வெள்ளைக்காரன் போனபோது நாற்காலி, மேசை, கயிறு இழுத்து ஆட்டும் பங்கா விசிறியோடு சட்டப் புத்தகத்தையும் விட்டுவிட்டுப் போனான். நாம் ராஜாவின் பெயர் இருந்த இடத்திலெல்லாம் அரசு என்று மாற்றிக்கொண்டு அதையே புரட்டத் தொடங்கினோம். அதற்கு மேலே, நாமே எழுதிய அரசியல் சாசனம். அதற்கு முரணாக எந்தச் சட்டமும் நிற்காது. கீழே சின்னக் கோர்ட்டு, அதற்கு மேல் பெரிய கோர்ட்டு, எல்லாவற்றுக்கும் மேல் கடைசிக் கோர்ட்டு. மேலே இருப்பவர் சொன்ன தீர்ப்பைக் கீழே இருப்பவர் மீறக்கூடாது. அடிதடி, திருட்டு என்றால் கிரிமினல், அரசாங்கமே வழக்கு நடத்தும். கடை, வாடகை, பங்காளித் தகராறு என்றால் சிவில், அவரவர் வழக்கை அவரவர்தான் சுமக்க வேண்டும். அடிப்படை இவ்வளவுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அரைப் பக்கம். லா பாயிண்டுக்குத் தெரிந்ததும் அந்த அரைப் பக்கம்தான். அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஓட்டலாம் என்று கண்டுபிடித்ததுதான் அவருடைய சாமர்த்தியம்.

ஆஸ்பத்திரி வரிசையில் ஒருவர் முந்தினால், அது சமத்துவ உரிமைக்கு எதிரான செயல். இவர் முந்தினால், அவசர நிலை. பக்கத்து வீட்டு நாய் இவர் வாசலில் படுத்தால் அத்துமீறி நுழைதல். வீட்டிலும் இதே கதைதான்.

"பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சிருக்கு. பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?" என்பார் மனைவி.

"நான் பார்த்துக்கிட்டே விட்டேன்னு சாட்சி இருக்கா? சந்தேகத்தோட பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்குத்தான்."

"சரி. மிச்சம் இருக்கற காபியோட பலன் எனக்கு," என்று அந்த அம்மாள் தம்ளரோடு போய்விடுவார்.

இத்தனைக்கும் இவர் கோர்ட்டு வாசலை ஒருமுறைகூட மிதித்ததில்லை. பார்த்ததெல்லாம் சினிமாக் கோர்ட்டு. அங்கே நீதிபதி சுத்தியலால் அடிப்பார், கதாநாயகன் கர்ஜிப்பான், கடைசி நிமிடத்தில் சாட்சி ஓடிவருவான். நிஜமும் அப்படித்தான் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தவரைத் தேடிக்கொண்டு ஒரு நிஜ வழக்கு வந்தது.

அவருக்கு ஒரு தங்கை. கணவர் கப்பல் வேலையில் இருப்பவர், வருஷத்தில் ஒருமுறை கரைக்கு வந்தால் அதிகம். கடைத்தெரு முனையில் வாடகைக்கு ஒரு அறை பிடித்துத் தையல் கடை வைத்திருந்தாள். இரண்டு மெஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், சுவரில் சாக்குக்கட்டிக் கோடு, பள்ளிச் சீருடைகளின் நீலக் குவியல். அந்த அறையில் மருமகனுக்கு செல்போன் கடை வைத்துக்கொடுக்க வேண்டும் என்று கட்டட முதலாளிக்கு ஆசை. காலி செய் என்று வாயால் சொல்லிப் பார்த்தார். அவள் நகரவில்லை. வழக்குப் போட்டார்.

கோர்ட்டிலிருந்து சம்மன் கொண்டுவந்த ஆளை வாசலில் நிற்க வைத்துவிட்டுத் தங்கை அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன் டிப்போவிலிருந்து பறந்து வந்தார்.

"அண்ணே, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கச் சொல்றாங்க."

"போடாதே! முதல்ல பேனாவக் கீழ வை."

"ஐயா, வாங்கலைன்னா, வாங்க மறுத்துட்டாங்கன்னு எழுதிடுவேன்," என்றார் கோர்ட்டு ஆள்.

"தாராளமா எழுதுங்க. சட்டப்படி, கையில வாங்காத காகிதம் காத்துல போற காகிதம்."

"நிஜமாவாண்ணே?"

"கேஸ் இருக்குன்னு தெரிஞ்சாத்தானே நீ பதில் சொல்லணும்? உனக்குத்தான் தெரியாதே!"

"இப்போ தெரிஞ்சிருச்சேண்ணே."

"சட்டப்படி தெரியலை."

கோர்ட்டு ஆள் இவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு, ஒரு நகலைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் லா பாயிண்ட் அதைக் கிழித்தெடுத்துவிட்டார். அன்று டிப்போவில் அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார்: "கோர்ட்டையே வாசலோட திருப்பி அனுப்பிட்டேன்."

கோர்ட்டு திரும்பிப் போகவில்லை. வழக்கைக் கூப்பிட்டது. முதலாளி வந்திருந்தார், தங்கை வரவில்லை. சம்மனை வாங்க மறுத்தால் சம்மன் சேர்ந்ததாகத்தான் அர்த்தம். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு, கடையைக் காலி செய்ய வேண்டும் என்று நீதிபதி ஒருதலைத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

அந்த உத்தரவோடு அதே கோர்ட்டு ஆள் மறுபடி வந்தார். இந்தத் தடவை கூடவே முதலாளி, சுமை தூக்கும் இரண்டு பேர். அவர்கள் ஓவர்லாக் மெஷினைத் தூக்கி வாசலில் வைத்தபோது, பாதி தைத்த சட்டை ஒன்று ஊசியில் மாட்டியபடியே கூட வந்தது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து கேட்டுக்கொண்டதால் மாதக் கடைசி வரை விட்டு வைப்பதாக முதலாளி இறங்கி வந்தார். மெஷினைத் திருப்பி உள்ளே வைக்கும் அளவுக்கு இறங்கவில்லை.

லா பாயிண்ட் வந்து சேர்ந்தபோது தங்கை வாசலில், மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதில் விளையாடும்போது, "ரூல்படி நீ அவுட்டு" என்று இவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறவள் அவள். அந்த ரூலை அந்த நிமிடத்தில்தான் இவர் உண்டாக்கியிருப்பார். இப்போதும் அவள் திட்டவில்லை. நிமிர்ந்து பார்த்து, நம்பிக்கையோடு கேட்டாள்:

"இப்போ என்னண்ணே பாயிண்ட்டு?"

தொண்டையைச் செருமினார். செருமல் வந்தது. பின்னால் ஒன்றும் வரவில்லை.

காரியம் பார்த்தவர் மனைவி. நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வக்கீலம்மாவிடம் போனார். லா பாயிண்ட் பின்னால் போனார், குடையைச் சுமந்துகொண்டு. செராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரே அறை. கட்டுகளை நகர்த்தினால்தான் நாற்காலி தெரியும். வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டார்.

"சம்மன வாங்க வேணாம்னு யார் சொன்னது?"

மனைவி முகவாயைத் தூக்கிக் கணவரைக் காட்டினார்.

"தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம். ஆனா ஏன் வரலைன்னு ஜட்ஜ் கேப்பாரு. நடந்ததத்தான் சொல்லணும். சார் கூண்டுல ஏறி, 'நான்தான் தப்பா சொன்னேன், எனக்குச் சட்டம் தெரியாது'ன்னு சொல்லணும்."

லா பாயிண்ட் நாற்காலியில் நெளிந்தார். "'ஓரளவு தெரியும்'னு சொல்லலாமா?"

"ஓரளவு தெரியும்னா, தெரிஞ்சேதான் செஞ்சீங்கன்னு ஆயிடும்."

"அப்போ, 'அந்த ஒரு பிரிவு மட்டும் தெரியாது'ன்னு..."

"ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுங்க," என்றார் மனைவி. "அதுக்கு நானே சாட்சி சொல்றேன்."

விசாரணை நாள் வரை மனிதர் படாதபாடு பட்டார். டிப்போவில் கேட்ட போல்ட்டை எல்லாம் கேட்ட உடனே கொடுத்தார்; மெக்கானிக்குகள் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தார்கள். ஒரு நாள் ஜன்னலில் இரண்டு டிரைவர்கள் ஓவர்டைம் பற்றி வாக்குவாதம் செய்தார்கள். சட்டம் நாக்கு நுனி வரை வந்தது. வெந்நீரைப் போல விழுங்கினார். பேசாமல் அன்றைக்கு மட்டும் காய்ச்சல் வந்துவிடக்கூடாதா என்று நினைத்தார். வரவில்லை. வேண்டாத போது வருவதுதானே காய்ச்சலின் குணம்?

கோர்ட்டு அவரை ஏமாற்றிவிட்டது. வெளியே தூண்கள் என்னவோ வெள்ளைக்காரன் காலத்து யானைக்கால் தூண்கள்தான். உள்ளே புறா எச்சம், கால் ஆடும் பெஞ்சு, ஏதோ ஒரு ராணியின் படம் இருந்த இடத்தில் சுவரில் வெளுப்பாய் ஒரு கட்டம். நீதிபதியிடம் சுத்தியல் இல்லை. கைக்குட்டை இருந்தது, அவருக்கு ஜலதோஷம். யாரும் கர்ஜிக்கவில்லை. எல்லோரும் பல் வலிக்காரர்கள் மாதிரி தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

கூண்டில் ஏறினார். உண்மையைத் தவிர வேறில்லை என்று சத்தியம் செய்தார். வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே, கொஞ்சம் முனகலாக, பதில் சொன்னார். பிறகு முதலாளியின் வக்கீல் எழுந்தார். நரைத்த தலை, நைந்த கோட்டு, தேன் போன்ற சிரிப்பு.

"உங்க தெருவுல உங்களுக்கு ரொம்ப மரியாதையாமே? 'லா பாயிண்ட்'டுன்னுதான் கூப்பிடுவாங்களாமே?"

"ஆமாங்க."

"சும்மா கூப்பிடுவாங்களா? சட்ட விஷயம் எல்லாம் நல்லாத் தெரிஞ்சவர் நீங்க. அப்படித்தானே?"

வாசகரே, அந்த நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க எந்தக் கேள்விக்காக ஒரு மனிதன் காத்திருந்தானோ, அந்தக் கேள்வியை ஒரு நிஜக் கறுப்புக் கோட்டு, நிஜக் கோர்ட்டில், நிஜ நீதிபதியின் முன்னால் கேட்கிறது. ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் தெருவே கொண்டாடும். தங்கையின் கடை போய்விடும். நெஞ்சு விரிந்தது. வாய் திறந்தது. பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள், வழக்கம் போல ஓரத்தில், அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற அந்தப் பழைய முகத்தோடு.

"இல்லைங்க," என்றார். "எனக்குச் சட்டம் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி பேசத்தான் தெரியும்."

"கேக்கல," என்றார் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாள். "கடைசியா சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார்.

"சத்தமா," என்றார் நீதிபதி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

மூன்றாவது தடவை சொன்னபோது வராந்தாவில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மனைவி தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று லா பாயிண்ட் நினைத்தார். கண்ணைத் துடைக்க என்பது அவருக்குத் தெரியாது.

நீதிபதி சிறிது நேரம் எழுதினார். "சட்டம் தெரியாதுங்கறது சாக்கு ஆகாது," என்றார். "ஆனா கூடப்பிறந்தவன நம்பினது அலட்சியமும் ஆகாது. ஒருதலைத் தீர்ப்ப ரத்து பண்றேன். வழக்க ரெண்டு பக்கமும் கேட்டு முதல்ல இருந்து நடத்தலாம். ஏம்மா, இனிமே ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒழுங்கா வரணும். இவர் பேச்சக் கேக்கக்கூடாது."

"சரிங்க ஐயா!" என்றாள் தங்கை. அவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

அதன் பிறகு வாய்தா, வாய்தாவுக்கு மேல் வாய்தா. நம் கோர்ட்டுகளின் மகிமை அதுதான்: பகையாளிகள் இருவரை ஒரே பெஞ்சில் மாதக்கணக்கில் உட்கார வைத்தால் எவ்வளவு நேரம்தான் முறைத்துக்கொண்டிருப்பார்கள்? ஒரு நாள் முதலாளி, இடுப்பில் நிற்காமல் பேன்ட் நழுவுகிறது என்று அலுத்துக்கொண்டார். கடைக்குக் கொடுத்தனுப்புங்கள் என்றாள் இவள். பேன்ட் இடுப்பில் நின்றது, வழக்கு நிற்கவில்லை. மருமகன் வேறு இடத்தில் கடை பார்த்துக்கொண்டான். வக்கீல்கள் இருவரும் சேர்ந்து எழுதிய சமரசத்தில் நீதிபதி கையெழுத்துப் போட, தங்கையின் மெஷின் அதே அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

லா பாயிண்ட் என்ன ஆனார்? திருந்திவிட்டார். சத்தியமாகத் திருந்திவிட்டார். போன வாரம் ஒரு கண்டக்டர் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து, மாமனார் வீட்டுச் சுவர்த் தகராறைச் சொல்லி, "இதுக்குச் சட்டம் என்ன சொல்லுதுண்ணே?" என்று கேட்டார்.

"தம்பி, எனக்கெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா. நல்ல வக்கீலாப் பாரு," என்றார். கண்டக்டர் நாலடி நடந்தார். "இந்தா, நில்லு," என்று குரல் வந்தது. "வக்கீல்கிட்ட என்ன கேக்கணும்னு மட்டும் நான் சொல்றேன்."

இவரைப் பார்த்துச் சிரித்தாகிவிட்டதா? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. நீதிபதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார் என்று படித்தபோது, 'அதெப்படி? சட்டப்படி பார்த்தால் அப்படி ரத்து செய்ய முடியாதே' என்று உங்களுக்குள் ஒருவர் மெல்லத் தொண்டையைச் செருமினாரே, அவர் யார்?